மாலிக்யூல் மாடல் கிட் வெச்சு கெமிஸ்ட்ரி படிக்கறது: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ, பிஎஸ்சி பசங்களுக்கு வீட்ல கெமிஸ்ட்ரி எடுக்கறேன். டேபிள் மேல எப்பவும் ஒரு டப்பா நிறைய கருப்பு, வெள்ளை, சிவப்பு உருண்டை இருக்கும். அதைப் பாத்ததும் பசங்களும் சரி, கூட்டிட்டு வர்ற அம்மா அப்பாவும் சரி, கேக்கறது வருஷா வருஷம் கிட்டத்தட்ட அதே கேள்விங்கதான். அதனால அவங்க கேட்ட வார்த்தையிலயே எழுதிட்டேன். முடிஞ்சா வரிசையா படிங்க, பின்னாடி வர்ற பதில் பலது முன்னாடி சொன்னதை வெச்சுதான் போகும்.

மிஸ், இது பொம்மை மாதிரி இருக்கே, இதுல என்ன படிக்கறது?

ஒவ்வொரு உருண்டையும் ஒரு அணு, குச்சி ஒவ்வொண்ணும் ஒரு பாண்ட், அதாவது அணுக்களுக்கு நடுவுல இருக்கற பிணைப்பு. உருண்டையில எத்தனை ஓட்டை இருக்கோ அத்தனை பாண்ட்தான் போட முடியும், கார்பனுக்கு நாலு, ஹைட்ரஜனுக்கு ஒண்ணு. ஓட்டை எந்தத் திசையில போட்டிருக்காங்கங்கறதுலதான் விஷயமே இருக்கு. கார்பனோட நாலு ஓட்டையும் ஒண்ணுக்கொண்ணு 109.5 டிகிரி தள்ளி, நாலு பக்கமும் விரிஞ்சு நிக்கும்.

புக்குல, போர்டுல நாம பாக்கறதெல்லாம் மாலிக்யூலோட நிழல் மாதிரி. நிழலை மட்டும் பாத்தே வளந்த பிள்ளைக்கு, கார்பன்னா கூட்டல் குறி மாதிரி தட்டையாதான் இருக்கும்னு மனசுல பதிஞ்சு போயிடுது, அப்புறம் ஐசோமர் (அதே அணுக்கள், வேற அமைப்பு), ஆர் எஸ், சேர் ஃபார்ம்னு வரும்போது எதுவுமே ஒட்ட மாட்டேங்குது, மனப்பாடம் பண்ண ஆரம்பிச்சிடறாங்க. படத்தைப் பாத்தா மாலிக்யூல் கண்ணு முன்னாடி நிக்கணும், அந்தப் பழக்கத்தை கைக்குக் கொடுக்கறதுக்குத்தான் இந்த கிட்.

கருப்புன்னா கார்பன், சிவப்புன்னா ஆக்சிஜன், இதெல்லாம் யார் முடிவு பண்ணது?

1865ல லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன்ல ஹோஃப்மன்ங்கற ஜெர்மன் கெமிஸ்ட் ஒரு லெக்சர் எடுத்தார். குரோக்கேன்னு ஒரு விளையாட்டு உண்டு, அதோட மரப்பந்துகளுக்கு பெயின்ட் அடிச்சு, குச்சி சொருகி மேடையில காட்டினார். கார்பன் கருப்பு, ஹைட்ரஜன் வெள்ளை, ஆக்சிஜன் சிவப்பு, நைட்ரஜன் நீலம், குளோரின் பச்சை. கரி கருப்பு, குளோரின் வாயு பச்சை சாயல், அதனால ஞாபகம் வெச்சுக்கறதும் சுலபம். சல்ஃபருக்கு மஞ்சள்னு வந்ததும் அதே மாதிரிதான். அணுவுக்கு நிஜத்துல கலர்னு ஒண்ணும் கிடையாது, அதை மட்டும் மறந்துடாதீங்க.

ஒரு விஷயம், ஹோஃப்மனோட மாடல் எல்லாமே தட்டை. கார்பனோட நாலு கையும் ஒரே தளத்துலதான் இருந்துச்சு. அது ஏன் சரிப்படலைங்கறது கீழ மீத்தேன் கேள்வியில வருது.

எந்த கிட் வாங்கலாம், எத்தனை உருண்டை இருக்கணும்?

பிராண்டுக்காக அலையாதீங்க. மாலிமாட் மாதிரி வெளிநாட்டு கிட் நல்லா உழைக்கும், நம்ம ஊர் கிட் சில நூறு ரூபாய்க்கே கிடைக்குது, பள்ளிக்கூடப் படிப்புக்கு அதுவே தாராளம். வாங்கும்போது எண்ணிப் பாருங்க. குளுக்கோஸ் ஒண்ணு கட்டவே 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் வேணும். அதனால குறைஞ்சது 12 கார்பன், 20க்கு மேல ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன், ரெண்டு நைட்ரஜன், வேற வேற கலர்ல நாலஞ்சு ஹாலஜன் (குளோரின் மாதிரி), இதோட டபுள் பாண்டுக்கு வளையற நீளக் குச்சி. அந்த வளையற குச்சி இல்லாத கிட்டை வாங்கவே வாங்காதீங்க.

என்னைக் கேட்டா ஒரே மாதிரி கிட்டை ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் ஆளுக்கொண்ணா வாங்கிக்கிட்டு சேந்து உக்காந்து படிக்கறதுதான் நல்லது. கண்ணாடி ஜோடி, அதாவது ஒரு மாலிக்யூலும் அதோட கண்ணாடி பிம்பமும், கட்டணும்னா எல்லாமே ரெண்டு ரெண்டா வேணும், தனி ஆளுக்கு உருண்டை பத்தாது. வீட்ல கைக்குழந்தை இருந்தா வெள்ளை உருண்டையை எண்ணி டப்பாவுல போட்டு மூடி வைங்க, வாயில போட்டுக்கற சைஸ் அது.

அவ்வளவு காசு போட முடியாது டீச்சர், வீட்லயே செஞ்சுக்கலாமா?

தாராளமா செய்யலாம், என்கிட்ட படிச்ச பல பேர் அப்படித்தான் படிச்சாங்க. ஊறவெச்ச கொண்டைக்கடலையும் பல் குத்தற குச்சியும் போதும், மீத்தேன், ஈத்தேன் எல்லாம் வந்துடும், ராத்திரிக்குள்ள காஞ்சு கெட்டியாவும் ஆயிடும். தீக்குச்சியும் சைக்கிள் வால்வ் ட்யூபும் வெச்சு மாடல் கட்டற முறை ஒண்ணு இருக்கு, கையில கிடைக்கற பொருளை வெச்சு அறிவியல் பொம்மை செய்யற அரவிந்த் குப்தா 1978 வாக்குல மத்தியப் பிரதேசம் ஹோஷங்காபாத் பக்கம் கிராமத்துப் பிள்ளைங்களோட இருந்தப்போ உருவாக்கினது. வால்வ் ட்யூப் வளையும், அதனால கோணம் தானா அமையற வடிவம் எல்லாம் அதுல அழகா வரும்.

தெர்மோகோல் உருண்டையும் ஈர்க்குச்சியும் வெச்சு செய்யறவங்க கோணத்துலதான் கோட்டை விடறாங்க. அதுக்கு ஒரு வழி இருக்கு. ஒரு பேப்பர் நாடாவை உருண்டையைச் சுத்தி வெச்சு சுற்றளவை அளந்துக்கோங்க. உச்சியில ஒரு புள்ளி. அங்கேருந்து சுற்றளவுல பத்துல மூணு பங்கு, அதை விட ஒரு துளி அதிகம், கீழ இறங்கி மூணு பக்கமும் சம இடைவெளியில மூணு புள்ளி. சுற்றளவு 20 சென்டிமீட்டர்னா 6.1 சென்டிமீட்டர் இறங்கணும். நாலு புள்ளியிலயும் மையத்தைப் பாத்து குச்சியைக் குத்துங்க. மூணு காலை ஊனி டேபிள்ல நிக்க வைங்க, அப்புறம் புரட்டி வேற மூணு கால்ல நிக்க வைங்க. எப்படி நிறுத்தினாலும் ஒரே மாதிரி தெரிஞ்சா கோணம் சரி.

இன்னும் சுலபமா வேணும்னா ஒரே அளவுல ஊதின நாலு பலூனை முடிச்சுப் பக்கமா சேத்துக் கட்டுங்க. அதுங்களே ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டு சரியா நாலு திசைக்குப் போயிடும். ரெண்டு பலூன்னா நேர்கோடு, மூணுன்னா முக்கோணம். எலக்ட்ரான் ஜோடிங்க ஒண்ணையொண்ணு தள்ளுதுன்னு புக்குல நாலு பக்கம் எழுதியிருக்கறது இதுதான்.

முதல்ல எதைக் கட்டணும்?

மீத்தேன். கட்டி முடிச்சதும் ரெண்டு வெள்ளையைக் கழட்டிட்டு ரெண்டு பச்சையை மாட்டுங்க, டைகுளோரோமீத்தேன். இப்ப புக்கு மாதிரி பேப்பர்ல தட்டையா வரைஞ்சு பாருங்க. ரெண்டு குளோரினும் பக்கத்துல பக்கத்துல இருக்கற மாதிரி ஒண்ணு, எதிரெதிரா இருக்கற மாதிரி ஒண்ணு, ரெண்டு விதமா வரைய வருது. அப்ப ரெண்டு ஐசோமரா? கையில இருக்கறதைத் திருப்பித் திருப்பிப் பாருங்க. எங்க மாட்டினாலும் அதே மாலிக்யூல்தான்.

இது சின்ன விஷயம் இல்ல. நிஜத்துல டைகுளோரோமீத்தேன் ஒரே ஒரு வகைதான் கிடைச்சுது, கார்பன் தட்டையா இருந்தா ரெண்டு கிடைச்சிருக்கணும். இந்த வாதத்தை வெச்சு 1874ல வான்ட் ஹாஃப்ங்கற டச்சுக்காரர் கார்பனோட நாலு கையும் நாலு மூலையைப் பாக்குதுன்னு எழுதினார், அப்ப அவருக்கு வயசு 22. அதே வருஷம் ஃப்ரான்ஸ்ல ல பெல்லும் தனியா அதே முடிவுக்கு வந்தார். வான்ட் ஹாஃப் அட்டையில சின்னச் சின்ன நான்முகி செஞ்சு மத்த கெமிஸ்ட்டுங்களுக்கு அனுப்பி வெச்சார். கோல்பேங்கற ஜெர்மன் கெமிஸ்ட் மாதிரி பெரிய ஆளுங்க கன்னாபின்னான்னு திட்டினாங்க. 1901ல கெமிஸ்ட்ரிக்கு முதல் நோபல் பரிசு வான்ட் ஹாஃபுக்குத்தான் போச்சு.

சின்னப் பசங்க வேலை மாதிரி இருக்கே மேடம், காலேஜ் போற பிள்ளைக்கு இது எதுக்கு?

அம்மா அப்பா நிறைய பேர் இதைக் கேக்கறாங்க, கவலை நியாயமானதுதான், மார்க் வரணுமே. ஆனா பாருங்க, 1948ல பாலிங்ங்கற அமெரிக்க கெமிஸ்ட் உடம்பு சரியில்லாம ஆக்ஸ்ஃபோர்டுல படுத்திருந்தப்ப பேப்பர்ல புரோட்டீன் சங்கிலியை வரைஞ்சு, மடிச்சு மடிச்சுப் பாத்துதான் ஆல்ஃபா ஹெலிக்ஸ்ங்கற சுருள் அமைப்பைப் பிடிச்சார். 1953ல வாட்சனும் க்ரிக்கும் கேம்ப்ரிட்ஜ்ல உலோகத் தகடும் கம்பியும் வெச்சு டிஎன்ஏ கட்டினாங்க.

அடுத்த வருஷமே, 1954ல, நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்துல ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனுக்கு மூணு இழை பின்னின அமைப்பைச் சொன்னாங்க. நம்ம தோல்ல, எலும்புல, தசைநாண்ல இருக்கற புரோட்டீன் அது. மாடல்ல அணுக்கள் எவ்வளவு கிட்ட வரலாம்னு ஒரு சண்டை வந்துச்சு, இவங்க அமைப்புல சில அணு ரொம்ப நெருங்கி இருக்குன்னு மத்தவங்க சொன்னாங்க. அந்தக் கேள்வியை விடாம பிடிச்சுக்கிட்டு போனதுதான் 1963ல ராமகிருஷ்ணன், சசிசேகரனோட சேந்து ராமச்சந்திரன் போட்ட, அவர் பேர்லயே இருக்கற ராமச்சந்திரன் வரைபடம். புரோட்டீன் சங்கிலியில திரும்பற ரெண்டு பாண்ட் எந்தெந்தக் கோணத்துல இடிக்காம நிக்க முடியும்னு அது காட்டும். புரோட்டீன் அமைப்பு ஒண்ணு சரியா இருக்கான்னு பாக்க இன்னிக்கும் உலகம் முழுக்க அதைத்தான் எடுக்கறாங்க. ரெண்டு அமினோ ஆசிட் சேத்து ஒரு பெப்டைட் கட்டி, அந்த ரெண்டு திரும்பற பாண்டையும் திருப்பிப் பாருங்க, எங்க இடிக்குதுன்னு கையிலயே தெரியும். சென்னையில நடந்த வேலை, நம்ம பசங்க பாதிப் பேருக்குத் தெரியாம இருக்கறது எனக்கு உண்மையிலயே வருத்தம்.

தண்ணிக்கு 104.5 டிகிரின்னு படிச்சேன், கிட்ல 109.5 வருதே, எது சரி?

நிஜம் 104.5தான். நிறைய கிட்ல ஆக்சிஜன் உருண்டைக்கும் நான்முகிக் கோணத்துலயே ஓட்டை போட்டுடறாங்க. ஆக்சிஜன் மேல பாண்டுல சேராத ரெண்டு எலக்ட்ரான் ஜோடி இருக்கு, அது கொஞ்சம் அதிக இடம் எடுத்துக்கிட்டு ரெண்டு ஹைட்ரஜனையும் நெருக்கித் தள்ளுது. அம்மோனியாவுல அந்த மாதிரி ஜோடி ஒண்ணுதான், அதனால 107. பலூன் நாலுல ரெண்டை மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசா ஊதிப் பாருங்க, மத்த ரெண்டும் நெருங்கறது கண்ணுக்கே தெரியும்.

டபுள் பாண்ட் போட்டா திரும்ப மாட்டேங்குது, உடைஞ்சிடுமோன்னு பயமா இருக்கு.

திரும்பக் கூடாது, அதுதான் பாடமே. ஈத்தேன்ல ஒத்தைக் குச்சி, சும்மா சுத்தும். எத்திலீன்ல ரெண்டு வளைஞ்ச குச்சி, முறுக்கினா எதிர்க்கும். சிஸ் (ஒரே பக்கம்), ட்ரான்ஸ் (எதிரெதிர்ப் பக்கம்)னு ரெண்டு தனிப் பொருள் வர்றது இதனாலதான். மேலீக் ஆசிட், ஃப்யூமரிக் ஆசிட் ரெண்டையும் கட்டிப் பாருங்க. மேலீக்ல ரெண்டு ஆசிட் குரூப்பும் ஒரே பக்கம், கிட்ட கிட்ட இருக்கும், அதைச் சூடு பண்ணினா ஒரு தண்ணியை விட்டுட்டு வளையமா மூடிக்கும். ஃப்யூமரிக்ல அதுங்க ஒண்ணையொண்ணு எட்டவே முடியாது.

குச்சி கழட்ட வரலைன்னா நேரா இழுக்காதீங்க, திருகிக்கிட்டே இழுங்க. புது கிட் கொஞ்சநாள் டைட்டாதான் இருக்கும்.

ஆர், எஸ் எப்பவுமே தப்பாப் போடறேன். கிட் வெச்சா சரியாகுமா?

ஆகும். கருப்பு ஒண்ணு எடுத்து நாலு கையிலயும் நாலு வேற கலர் மாட்டுங்க. இன்னொண்ணை அதோட கண்ணாடி பிம்பமா கட்டுங்க. ஒண்ணு மேல ஒண்ணு பொருத்தப் பாருங்க. ரெண்டு கலர் பொருந்தினா மத்த ரெண்டும் மாறி நிக்கும், எவ்வளவு நேரம் முயற்சி பண்ணினாலும் அப்படித்தான். இப்படி தன் கண்ணாடி பிம்பத்தோட பொருந்தாததைத்தான் கைரல்ங்கறோம், அந்தத் தோல்வியை கையால அனுபவிக்காம கைராலிட்டி புரியாதுன்னே சொல்வேன். இடது கால் செருப்பு வலது காலுக்கு ஏறாத மாதிரிதான் இதுவும்.

இப்ப ஆர் எஸ். கண்ணாடி ஜோடியில எது எதுன்னு சொல்ற பேர்தான் அது. கார்பன்ல மாட்டின நாலுக்கும் அணு எண் பெருசுலேருந்து சின்னதுக்கு முன்னுரிமை போடுவாங்க, நாலுல கடைசி முன்னுரிமை உள்ளது பெரும்பாலும் ஹைட்ரஜன்தான். அந்தக் குச்சியை பூச்செண்டு காம்பு மாதிரி கைக்குள்ள பிடிச்சு மேலேருந்து பாருங்க. மத்த மூணும் பூ மாதிரி உங்களைப் பாத்து விரிஞ்சிருக்கும். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போகும்போது கடிகாரம் சுத்தற பக்கம்னா ஆர், எதிர்ப்பக்கம்னா எஸ். பேப்பர்ல தப்பு வர்றது ஹைட்ரஜன் நம்மைப் பாத்து வரைஞ்சிருக்கும்போதுதான், மாடலை ஒருதடவை திருப்பினா விடை ஏன் தலைகீழாகுதுன்னு விளங்கிடும்.

இன்னொண்ணும் பண்ணிப் பாருங்க. ஏதாவது ரெண்டு கலரை இடம் மாத்தினா கண்ணாடி ஜோடி வந்துடும், இன்னொருதடவை ஏதாவது ரெண்டை மாத்தினா பழையபடி முதல் மாலிக்யூல். இந்த ஒரு விஷயம் கைக்கு வந்துட்டா பரீட்சையில பாதி கேள்வி சுலபம். புதினா வாசனைக்குக் காரணமான கார்வோன்ங்கற பொருளும், சதகுப்பை விதையில இருக்கற கார்வோனும் இப்படி ஒரு கண்ணாடி ஜோடிதான், ஆனா மூக்குக்கு ரெண்டும் வேற வேற.

ஃபிஷர் ப்ரொஜெக்‌ஷனை 180 டிகிரி திருப்பலாம், 90 திருப்பக் கூடாதுங்கறாங்க, ஏன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க.

ஃபிஷர் படம்ங்கறது மாலிக்யூலை கூட்டல் குறி மாதிரி தட்டையா வரையற முறை, அதுல ஒரு ஒப்பந்தம் இருக்கு. இடவலக் கோடு ரெண்டும் உங்களைப் பாத்து வருது, மேல்கீழ்க் கோடு ரெண்டும் உங்களை விட்டு விலகிப் போகுது. முந்தின கேள்வியில கட்டின மாடலையே அப்படிப் பிடிங்க, ரெண்டு கை உங்களைக் கட்டிப்பிடிக்க வர்ற மாதிரி. இப்ப பேப்பரைத் திருப்பற மாதிரி 90 டிகிரி திருப்புங்க. உங்களைப் பாத்து வந்த ரெண்டும் இப்ப மேல்கீழா நிக்குது, ஆனா இன்னும் உங்களைப் பாத்துதான் வருது. படத்தைப் படிக்கறவங்க ஒப்பந்தப்படி அதை விலகிப் போறதா எடுத்துப்பாங்க, அப்ப அவங்க மனசுல கட்டற மாலிக்யூல் கண்ணாடி ஜோடி. 180 திருப்பினா முன்னாடி வர்றது முன்னாடியே இருக்கு, அதனால தப்பில்ல.

ரெண்டு கைரல் கார்பன் இருந்தும் டார்டாரிக் ஆசிட்ல ஒண்ணு கைரல் இல்லைங்கறாங்க, எப்படி?

நம்ம புளியில இருக்கற புளிப்புக்கு முக்கியக் காரணமே டார்டாரிக் ஆசிட், அதனால இதைக் கண்டிப்பா கட்டிப் பாருங்க. நடுவுல ரெண்டு கார்பன், ஒவ்வொண்ணுலயும் ஒரு ஹைட்ரஜன், ஒரு ஓஹெச், ஒரு ஆசிட் குரூப். மூணு விதமா கட்ட வரும். ரெண்டு கண்ணாடி ஜோடி, மூணாவது மீசோ. மீசோவுல நடு பாண்டைத் திருப்பி ரெண்டு ஓஹெச்சும் ஒரே பக்கம் வர்ற மாதிரி வெச்சா மேல்பாதி கீழ்ப்பாதிக்குக் கண்ணாடியா நிக்கும். கைரல் பொருள் தன் வழியா போற முனைவாக்கப்பட்ட ஒளியோட தளத்தை ஒரு பக்கமா திருப்பும், இதுல ஒரு பாதி எந்தப் பக்கம் திருப்புதோ மத்த பாதி எதிர்ப்பக்கம் திருப்பிச் சரிக்கட்டிடும். அதோட கண்ணாடி பிம்பத்தையும் கட்டி மேல வைங்க, அச்சு அசலாப் பொருந்தும்.

இதே ஆசிட்டோட உப்பை எடுத்து, ரெண்டு விதமான படிகத்தையும் லென்ஸ்ல பாத்து ஒவ்வொண்ணா கையால பொறுக்கிப் பிரிச்சவர் பாஸ்டர், 1848ல. கார்பனுக்கு எத்தனை கைன்னே தெளிவா தெரியாத காலம் அது.

சைக்ளோஹெக்சேன் சேர் வரையவே வரமாட்டேங்குது, ஆக்சியல் எது ஈக்வடோரியல் எதுன்னு குழம்புது.

வரையறதைக் கொஞ்சநாள் விட்டுடுங்க. 6 கருப்பு, 12 வெள்ளை வெச்சு வளையம் கட்டி டேபிள்ல வைங்க. நாற்காலி மாதிரி வளைஞ்சு நிக்கற சேர் ஃபார்ம் மூணு வெள்ளைக் கால்ல முக்காலி மாதிரி ஆடாம நிக்கும். அந்த மூணும், நேர் மேல பாக்கற இன்னொரு மூணும் ஆக்சியல். பக்கவாட்டுல விரிஞ்சு கிடக்கற ஆறும் ஈக்வடோரியல். அப்படியே கண்ணை டேபிள் மட்டத்துக்குக் கொண்டு வந்து பாத்துக்கிட்டே வரைங்க, இப்ப வரும்.

ஒரு ஆக்சியல் வெள்ளைக்குப் பதிலா பச்சையை மாட்டி, ஒரு முனையை கீழ தள்ளி, எதிர் முனையை மேல தூக்குங்க. வேற சேர் வந்துடும், பச்சை ஈக்வடோரியல் ஆகியிருக்கும், ஆனா மேல் பக்கம் இருந்தது மேல் பக்கமேதான் இருக்கும். இங்கதான் நிறைய பேர் தப்பு விடறாங்க. பச்சைக்குப் பதிலா ஒரு மெத்தில் (ஒரு கார்பன், மூணு ஹைட்ரஜன்) வெச்சா ஆக்சியல்ல அது அதே பக்கம் இருக்கற மத்த ரெண்டு ஆக்சியல் ஹைட்ரஜனோட இடிக்கறது தெரியும். அந்த நெருக்கடிக்கு ஏறக்குறைய 7 கிலோஜூல் செலவு, அதனால சாதாரண வெப்பத்துல 100ல 95 மாலிக்யூல் மெத்திலை ஈக்வடோரியல்லயே வெச்சிருக்கும். இந்த 7ங்கற நம்பரை கிட் சொல்லாது, எங்க இடிக்குதுன்னு மட்டும்தான் காட்டும்.

அப்ப கிட் பொய் சொல்ற இடம் எதெல்லாம்?

நிறைய இருக்கு, தெரிஞ்சு வெச்சுக்கறது அவசியம். பென்சீனை கிட்ல ஒத்தை, இரட்டை, ஒத்தை, இரட்டைன்னு கட்டறோம், நிஜத்துல ஆறு பாண்டும் ஒரே நீளம், 1.39 ஆங்ஸ்ட்ராம், சாதாரண ஒத்தை பாண்ட் 1.54, இரட்டை 1.34. ஈத்தேன் கிட்ல தங்கு தடையில்லாம சுத்துது, நிஜத்துல ஹைட்ரஜனுங்க நேருக்கு நேர் வர்ற இடத்துல 12 கிலோஜூல் மேடு ஒண்ணைத் தாண்டணும். உருண்டைக்கு நடுவுல குச்சி வெறுமையா தெரியுது, நிஜத்துல அணுக்கள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகுந்து ஒட்டிக்கிட்டு இருக்கு. அளவும் அப்படித்தான், ரெண்டு கார்பன் நடுவுல 3 சென்டிமீட்டர் வர்ற கிட்னா நிஜத்தை கிட்டத்தட்ட 20 கோடி மடங்கு பெருசாக்கிக் கையில வெச்சிருக்கோம்.

எலக்ட்ரான் எங்கேருந்து எங்க போகுது, ரியாக்‌ஷன் எப்படி நடக்குதுங்கறதுக்கு கிட்டை நம்பாதீங்க, அதுக்கு பேப்பரும் அம்புக்குறியும்தான்.

மொபைல் ஆப்லயே 3டியா சுத்திப் பாக்கலாமே?

பாருங்க, புரோட்டீன் மாதிரி ஆயிரக்கணக்கான அணு இருக்கறதுக்கு கம்ப்யூட்டர்தான் வழி, ஜேமால், அவகாட்ரோ ரெண்டும் இலவசம். ஆனா சின்ன மாலிக்யூலுக்கு கையே மேல். ஸ்க்ரீன்ல பொருந்தாத ரெண்டை ஒண்ணு மேல ஒண்ணு அழுத்திப் பாக்க முடியாது, முறுக்கினா எதிர்க்கறதும் தெரியாது.

நீட்ல கிட் எடுத்துட்டுப் போக முடியாதே மிஸ், இதையே பழகிட்டா அங்க முழிக்க மாட்டோமா?

கட்டிப் பாத்துட்டு அப்படியே மூடி வெச்சா முழிப்பீங்க. நான் இப்படிப் பழக்கறேன். முதல் வாரம் கட்டிட்டு, அதைப் பாத்து வரையறது. அடுத்த வாரம் முதல்ல வரைஞ்சு விடை எழுதிட்டு, அப்புறம் கட்டி சரிபாக்கறது. மூணாவது வாரம் சந்தேகம் வந்தா மட்டும் டப்பாவைத் திறக்கறது. கட்டறதுக்கு முன்னாடி என்ன வரும்னு வாய்விட்டுச் சொல்லிடணும், அது ரொம்ப முக்கியம்.

கண் பார்வை இல்லாத பையன், இதை வெச்சு படிக்க முடியுமா?

படத்தை விட இது அவனுக்கு நூறு மடங்கு உதவும். கலர் உதவாது, அதனால உருண்டையில அடையாளம் வைக்கணும். ஆக்சிஜனுக்கு ரப்பர் பேண்ட், நைட்ரஜனுக்கு உப்புத்தாள் துண்டு, குளோரினுக்கு ஒட்டின மணி ஒண்ணு, இப்படி. கார்பனும் ஹைட்ரஜனும் சைஸ்லயே தெரிஞ்சிடும். சிவப்பு பச்சை பிரிச்சுப் பாக்க முடியாத பசங்களும் இருக்காங்க, ஆக்சிஜனையும் குளோரினையும் மாத்தி மாட்டினா திட்டாதீங்க, இதே அடையாளத்தை அவங்களுக்கும் வைங்க.

நைட்ரஜன்ல மூணு வேற குரூப் மாட்டினா கண்ணாடி ஜோடி வருது, ஆனா அதைப் பிரிக்க முடியாதுன்னு புக்குல இருக்கே?

பொய் சொல்ற இடம்னு மேல சொன்னேனே, அதுல இதையும் சேத்துக்கோங்க. கிட்ல நைட்ரஜன் விறைப்பா நிக்குது, நிஜ அமீன்ல, அதாவது இப்படி நைட்ரஜன்ல கார்பன் குரூப் மாட்டின பொருள்ல, காத்துல குடை புரள்ற மாதிரி உள்வெளியா புரண்டுக்கிட்டே இருக்கு, சாதாரண வெப்பத்துல அவ்வளவு வேகம், பிரிச்சு வைக்க நேரமே கிடைக்காது.

கைரல் கார்பனே இல்லாம கைரலா இருக்க முடியுமா?

முடியும், இதுக்கு கிட்தான் சரியான சாட்சி. மூணு கார்பனை வரிசையா வெச்சு ரெண்டு டபுள் பாண்ட் அடுத்தடுத்துப் போடுங்க, அல்லீன். வளைஞ்ச குச்சியை மாட்டும்போதே தெரியும், நடு கார்பனோட முதல் ரெண்டு ஓட்டை ஒரு தளம், மத்த ரெண்டு ஓட்டை அதுக்குக் குறுக்கு. அதனால ஒரு முனை படுத்துக் கிடந்தா மறுமுனை நிமிந்து நிக்கும். இப்ப ரெண்டு முனையிலயும் ஒரு வெள்ளை, ஒரு பச்சை மாட்டி, கண்ணாடி ஜோடியும் கட்டி மேல வெச்சுப் பாருங்க. பொருந்தாது. இப்படி ஒண்ணு இருக்கும்னு வான்ட் ஹாஃப் தன்னோட அட்டை மாடல் காலத்துலயே, 1875ல சொல்லிட்டார், அதை லேப்ல செஞ்சு காட்டினது மெய்ட்லண்டும் மில்ஸும், 1935ல. கட்டும்போது நடு கார்பனுக்கு நாலு ஓட்டை உள்ள கருப்பையே எடுங்க, மூணு ஓட்டை உருண்டை கொடுத்திருக்கற கிட்ல பசங்க அதை எடுத்துட்டு மாட்டவே வரலைன்னு வந்து நிக்கறாங்க.